மூன்றாம் ஓலை

சூசையப்பர் ஏந்தலில் ஒரு கல்யாணம் என்றால் கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் சாமியாரிடம் தெரிவிக்கலாம் என்று பூசை முடிவில் உபதேசியார் அறிவிப்பார். மூன்று வாரமும் யாரும் வாய் திறக்காவிட்டால் கல்யாணம் உறுதி.

பஞ்சாயத்துத் தீர்மானத்துக்கும் ஓலை வாசித்த ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும். ஆரம்பித்து வைத்தவள் ஞானப்பூ. பத்து வருஷம் தலைவியாக இருந்தாள். தெருவிளக்கோ, சிமெண்டு ரோடோ, எதுவானாலும் கிராம சபை முடிந்தபிறகு மூன்று ஞாயிறு மணிக்கூண்டின் கீழே நின்று வாசிப்பாள். பூசை முடிந்து வருகிறவர்களும், பஸ்ஸுக்கு நிற்கிற கருப்பர் கோவில் தெருக்காரர்களும் அங்கே ஒன்றாக இருப்பார்கள். "இதுக்குத் தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்" என்பாள். ஒருமுறை புது பஸ் நிறுத்தத்துக்கு மூன்றாம் வாரம் ஒருத்தர் எழுந்து, மழைக்காலத்தில் அந்த இடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்றார். நிறுத்தம் முப்பதடி தள்ளிப் போனது. இன்றைக்கும் அங்கேதான் கால் நனையாமல் பஸ் ஏறுகிறார்கள்.

அந்தப் பத்து வருஷத்தில் ஊரிலிருந்து ஒரு மனுகூட போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அடுத்த தேர்தலிலும் நிற்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். போதும் என்று சொல்லிவிட்டு மிளகாய்க் கொல்லைக்குப் போய்விட்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது.

அவளுக்கு அடுத்து வந்தவர் சந்தியாகு. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்திரண்டு. நல்ல மனிதர். சட்டையில் மடிப்புக் கலையாது, சொன்ன நேரம் தப்பாது. தான் ஒருதரம் சொன்னால் அது எல்லார் காதிலும் விழுந்துவிட்டதென்று நம்புகிற ரகம். ஓலை வாசிப்பதை வந்த முதல் மாதமே நிறுத்தினார். சர்க்காரே ஒருதரம் கேட்டால் போதும் என்கிறது, நாம் ஏன் மூன்று தரம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்றார்.

ஊருக்கு அவர் கொடுத்திருந்த வாக்கு ஒன்றே ஒன்று. குடிதண்ணீர்த் தொட்டி. பெண்கள் இரண்டு கிலோமீட்டர் குடம் சுமந்த ஊர் அது. ஒன்றிய அலுவலகத்துக்கு அவர் நடந்த நடையில் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. கடைசியில் தொட்டிக்கு அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு. மார்ச் முடிவதற்குள் வேலை தொடங்காவிட்டால் அது பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

இடம் பார்ப்பதில் சிரமமே இல்லை. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, மேற்கே, பத்து சென்ட் புறம்போக்கு சும்மா கிடந்தது. ஆடுகூட மேயாத கருவேலங்காடு. ஜனவரி இருபத்தாறு கிராம சபையில் கேட்டார். அத்தனை கையும் உயர்ந்தது. 'ஒருமனதாக' என்று தீர்மானத்தில் எழுதும்போது அவருக்குப் பெருமையாக இருந்தது.

மார்ச் முதல் வாரம், புதன்கிழமை காலை, ஜேசிபி வந்தது. அதன் முன்னால் மதலேனம்மாள் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

மேலத்தெருவில் மகனோடு இருக்கிற வயதானவள் அவள். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டார்கள். "இங்க வேணாம்" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. மகன் வந்து கையைப் பிடித்து இழுத்தான். எழுந்திருக்கவில்லை.

சந்தியாகு குனிந்து, கிராம சபையில் நீயும்தானே கை தூக்கினாய் என்று கேட்டார்.

"தூக்குனேன்" என்றாள்.

ஜேசிபி திரும்பிப் போனது. போலீசைக் கூப்பிட்டு ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றார்கள் வார்டு உறுப்பினர்கள். அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். ஒரு கிழவியின் பிடிவாதத்தால் ஊரே தாகத்தில் கிடக்க வேண்டியிருக்கிறது என்று பொரிந்து தள்ளினார். அவர் மனைவி திரேசம்மாள் குழம்பை ஊற்றிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

போலீசுக்குப் போன் செய்ய எண்ணைக்கூடத் தேடி எடுத்துவிட்டார். என்னவோ மனம் வரவில்லை. ஊரை ஆள்வதில் தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த மிளகாய்க் கொல்லைக்காரிக்குத் தெரிந்திருக்கிறது என்று அவருக்கு உள்ளுக்குள் எப்போதும் ஒரு எண்ணம் உண்டு. மறுநாள் காலையில் அவளிடம் போய் நின்றார். சுபேதார் இந்த வயதில் பாடம் கேட்கப் போகிறார் என்று வழியில் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. அதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

ஞானப்பூ களத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகாயில் வெளுத்த வற்றலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அவர் நடந்ததைச் சொல்லிவிட்டு, "ஊரே சரின்னு சொல்லும்போது ஒரு ஆளு மட்டும் மாட்டேங்கிறா. அவளை என்னம்மா செய்றது?" என்று கேட்டார்.

"எத்தனை ஓலை வாசிச்சீங்க?"

"சபையில கேட்டேனே. எல்லாரும் கை தூக்குனாங்க. அவளும் தூக்குனா."

"அப்ப ஒரு ஓலை."

அவருக்குச் சுருக்கென்றது. ஒருதரம் கேட்டாலும் மூன்று தரம் கேட்டாலும் கேள்வி அதேதானே, பதில் மட்டும் எப்படி மாறும் என்றார்.

அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"எனக்கு இருபது வயசுல எங்க ஊர்க் கோவில்ல ஓலை வாசிச்சாங்கண்ணே. மாப்பிள்ளை எங்க அப்பா பார்த்தது. மொத ஞாயிறு வாசிக்கிறப்ப எம் பேரு எனக்கே யாரோ மாதிரி கேட்டுச்சு. அடுத்த ஞாயிறு அழுதேன். மூணாவது ஞாயிறு ஒருத்தர் எந்திரிச்சு தடை இருக்குன்னு சொன்னாங்க. கோவில்ல ஒரு சத்தம் இல்ல."

"யாரு?"

"நான்தான்."

அவர் அவளையே பார்த்தார்.

"பிடிக்கலைன்னு மொத நாளே தெரியும்ல? அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"தெரியும். அது காலுக்கு வந்து சேர மூணு வாரம் ஆச்சு." அவள் சிரித்தாள். "ரெண்டு வருஷம் கழிச்சு இந்த ஊர் மாப்பிள்ளைக்கு ஓலை வாசிச்சாங்க. அன்னைக்கு உக்காந்துதான் இருந்தேன்."

மாதம் முடிய மூன்று ஞாயிறுகள் இருந்தன. மூன்றையும் வாசியுங்கள் என்றாள். மைக் கூடாது, நீங்களே வாசிக்க வேண்டும். கேட்டு முடித்ததும் பூசையில் சொல்கிற விசுவாசப் பிரமாண செபத்தை ஒருதரம் சொல்கிற நேரம் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. இவ்வளவுதான் அவள் சொன்ன பாடம். அதற்குள் அவர் கையும் தானாக வெளுத்த வற்றலைப் பொறுக்கத் தொடங்கியிருந்தது.

மூன்றாம் ஞாயிறும் வீணாகப் போனால் தொட்டி கையைவிட்டுப் போகும். உறுப்பினர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர் வாசிக்கத்தான் செய்தார்.

முதல் ஞாயிறு மணிக்கூண்டின் கீழே நின்று, தொட்டி இன்ன இடத்தில் கட்டப்பட இருக்கிறது, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார். மனசுக்குள் விசுவாசப் பிரமாணத்தை ஆரம்பித்தார். பட்டாளத்தில் பனியில் காவல் நின்ற நேரம்கூட இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. பாதியில் ஒருவர், மூன்றாம் வார்டில் விளக்கு எரியவில்லை என்றார். அவ்வளவுதான்.

இரண்டாம் ஞாயிறு மதலேனம்மாள் வந்து தூணோரம் நின்றாள். பஸ்ஸுக்கு நின்ற கருப்பர் கோவில் தெரு முத்திருளன் தன் பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிரமாணம் முடிந்தது. மதலேனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்துவிட்டாள். நானும் தோற்றுவிட்டேன், ஞானப்பூவும் தோற்றுவிட்டாள் என்று அன்று அவருக்குத் தோன்றியது. அதையும் வீட்டில் சொன்னார். திரேசம்மாள் மறுநாள் சாப்பிடவில்லை. தவக்காலம், ஒருசந்தி விரதம் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் ஞாயிறு கூட்டம் அதிகம். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று வந்தவர்கள் பாதி. வாசித்தார். கேட்டார். கண்ணைத் தரையில் நிறுத்தினார். 'பரலோகத்தையும் பூலோகத்தையும் படைத்த' என்பதைத் தாண்டியிருக்க மாட்டார்.

"தடை இருக்கு."

குரல் அவருக்குத் தெரிந்த குரல். தினமும் காப்பி ஆறுகிறது என்று கூப்பிடுகிற குரல். யார் முகத்தையும் பார்க்கக் கூடாது என்ற பாடம் மறந்துபோய் நிமிர்ந்துவிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து திரேசம்மாள் இரண்டடி முன்னால் வந்து நின்றிருந்தாள்.

"அங்க எம் புள்ள கெடக்கு" என்றாள். "ஞானஸ்நானத் தண்ணி ஊத்தக்கூட நேரம் இல்லாம போன புள்ள. மந்திரிச்ச கல்லறை மண்ணுல வைக்கக்கூடாதுன்னு மதிலுக்கு வெளியே வச்சாங்க."

தூணோரமிருந்து மதலேனம்மாள் சொன்னாள்: "எனக்கு ரெண்டு."

பிறகு ஒவ்வொருத்தியாக முன்னால் வந்தார்கள். ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்ட பிள்ளைகளை அந்தக் காலத்தில் அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். சிலுவை வைக்கவில்லை, பெயர் எழுதவில்லை. எடுத்துக்கொண்டு போன ஆண்கள் மறந்துவிட்டார்கள், அல்லது செத்துப்போனார்கள். பெற்றவர்கள் மறக்கவில்லை. ஆடு மேய்க்கிறவளும் அந்தப் பக்கம் ஆட்டை விடாமல்தான் இருந்திருக்கிறாள். ஊருக்கே தண்ணீர் வருகிற நேரத்தில் இதைச் சொன்னால் நம்மைத்தானே வைவார்கள் என்று எல்லாரோடும் சேர்ந்து கையைத் தூக்கியிருக்கிறார்கள். பதினோரு பேர். ஆண்களில் பலர் தலை குனிந்து நின்றார்கள். வயதான உபதேசியார் அழுதுவிட்டார்.

முத்திருளன்தான் முதலில் பேசினார். எங்கள் தெருப் பக்கம் ரேஷன் கடைக்குப் பின்னால் இடம் இருக்கிறது, குழாய் கொஞ்சம் நீளும், பள்ளம் தோண்ட எங்கள் தெரு வரும் என்றார். தடை அறிந்தவர்கள் உண்டா என்று சந்தியாகு கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவர் இல்லை. ஞானப்பூதான் பின்னாலிருந்து கேட்டாள். புதன்கிழமை கூடிக் கேட்டார்கள், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்தும் கேட்டார்கள். தடை வரவில்லை. மறுநாள், மார்ச் முப்பத்தொன்றாம் தேதி, ரேஷன் கடைக்குப் பின்னால் வேலை தொடங்கியது. பத்து சென்ட்டைச் சுற்றி மேலத்தெரு ஆண்கள் தாங்களாகவே கம்பி வேலி போட்டார்கள். வேலிக்கு முதல் கல் ஊன்றியவன் மதலேனம்மாளின் மகன்.

ஆனால் அந்த மூன்றாம் ஞாயிறு மத்தியானமே சந்தியாகு மிளகாய்க் களத்துக்குப் போயிருந்தார். சட்டையில் மடிப்புக் கலைந்திருந்தது. ஞானப்பூ நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தார்.

"உனக்கு முன்னாலேயே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுண்ணே. நான் வாக்கப்பட்டு வந்தவ. எங்கிட்ட யாரு சொல்லுவா?"

தெரியாமலேயே இவ்வளவையும் வெளியே கொண்டுவந்திருக்கிறாளே என்று அவருக்கு வியப்பாக இருந்தது. அவளை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமை அவரை ஆற்றவில்லை.

முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் எல்லைக் காவலில் இருந்தபோது பிறந்த பிள்ளை தவறிவிட்டதென்று அவருக்கு ஒரு தந்தி வந்தது. நாலு மாதம் கழித்துத்தான் லீவு கிடைத்தது. வந்தபோது திரேசம்மாள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள். பிள்ளை கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கும் என்று அவராகவே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவருடைய அப்பா கல்லறைக்கு வாங்குகிற மெழுகுவத்தியில் ஒன்று குறையும். கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று வருஷா வருஷம் திட்டியிருக்கிறார். அதையும் இப்போது அவளிடம் சொன்னார்.

ஞானப்பூ பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முப்பத்துநாலு வருஷம்மா. ஒரே வீட்டுல இருக்கோம். ஊருக்கு முன்னால சொன்னவ, எங்கிட்ட ஒரு தரம்கூடச் சொல்லலியே?"

ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்கிற நேரம் பொறுத்தாள்.

"நீங்க எத்தனை தரம் கேட்டீங்கண்ணே?"