சனியனின் உயிர்க்கல்

கதை முடிவில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வழியில் ஒரு தடயம் போட்டு வைத்திருக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்கள் அதை மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

பாளையங்கோட்டையில் பொற்கொடி, அவள் தம்பி சுடலை. புனேயில் அவர்களுடைய அத்தை மகள் இசக்கி. மாமாவுக்கு வேலை மாற்றலாகி அந்தக் குடும்பம் அங்கே போய் ஒரு வருடமாகிறது. அதற்குப் பிறகு மூவரும் சந்திக்கும் இடம் ஒன்றுதான்: கட்டம் கட்டமாகக் கல்லையும் மண்ணையும் அடுக்கி உலகம் கட்டும் கைப்பேசி விளையாட்டு. அதற்குள் ஒரு தெருவையே கட்டியிருந்தார்கள். ஆளுக்கொரு சாமான் பெட்டி, பெட்டிமேல் பெயர்ப் பலகை. பலகையில் யார் பெயரோ அவர் மட்டும்தான் பெட்டியைத் திறக்கலாம். இது விளையாட்டின் விதியல்ல, இவர்களே வைத்துக்கொண்ட சட்டம். வீட்டில் ஒருவர் சட்டையை ஒருவர் கேட்காமல் போட்டுக்கொள்ளும் அக்காவும் தம்பியும் இதை மட்டும் மீறியதே இல்லை.

ஆட்டத்தில் ஆளுக்கு ஒரே உயிர். செத்தவர் அதன்பின் ஆவியாக மிதந்து வேடிக்கை பார்க்கலாம். ஒரு கல்லைக்கூடத் தொட முடியாது. செத்தவரின் பெட்டியை அன்றே பிரித்து, பலகையைக் கழற்றிவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு முன் சுடலை தோண்டி மூடாமல் விட்ட குழியில் இசக்கி விழுந்து செத்தாள். மூவரில் குறி தவறாமல் அம்பு விடுபவள் அவள்தான். அவள் பலகையைக் கழற்றியது பொற்கொடி. சோறு இறங்கவில்லை அன்றைக்கு அவளுக்கு.

போன வாரம் இசக்கி பொற்கொடியிடம் சொல்லிவிட்டாள்: "எத்தன நாளைக்கு மதினி நான் வேடிக்க பாத்துக்கிட்டே இருக்க? இந்த ஞாயித்துக்கெழமையோட நான் வரமாட்டேன்."

அவள் உயிரோடு திரும்ப ஒரே ஒரு வழி இருந்தது. மலை உச்சியில் ஒரு பறக்கும் அரக்கன். அதற்கு ஆங்கிலத்தில் வாயில் நுழையாத பெயர். இவர்கள் வைத்த பெயர் சனியன். ஒன்று செத்தால் இன்னொன்று வரும், எப்போது என்றுதான் தெரியாது. அதைக் கொன்றால் உயிர்க்கல் ஒன்று விழும். கல்லில் யார் பெயரை எழுதுகிறோமோ அவர் எழுந்து வருவார். ஒரு நிமிடத்துக்குள் எழுதாவிட்டால் கல் கரைந்துவிடும். "கல்லு உனக்குத்தான் இசக்கி, சத்தியம்" என்றான் சுடலை. குழி அவனுடையது அல்லவா.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு கைப்பேசியோடு கூடத்தில் உட்கார்ந்தார்கள். இசக்கியின் குரல் மூன்றாவது கைப்பேசியில் புனேயிலிருந்து வந்தது. விளையாட்டுக்குள் பொற்கொடி முன்னதாகவே மலையடிக்குப் போய்விட்டாள். சுடலை தன் சொத்து முழுவதையும் முதுகில் ஏற்றிக்கொண்டு பின்னால் ஓடினான். அடிவாரத்தில் 'இசக்கி' என்று பலகை போட்ட பெட்டி ஒன்று இருந்தது. ஓடுகிற ஓட்டத்தில் அதைத் தாண்டிக் குதித்துப் போனான்.

சனியன் யார் உயரத்தில் நிற்கிறாரோ அவர்மேல்தான் பாயும். பாயும்போது மட்டும்தான் அதன் மார்பு தெரியும். வேறு எங்கே அம்பு பட்டாலும் வீண். அதன்மேல் ஆளுக்கு மூன்று அம்புதான் விடலாம். எனவே பொற்கொடி கல்லடுக்கி உயரத்தில் நிற்பாள், அது நெருங்கியதும் தலைக்குமேல் ஒரு கல்லைக் கூரையாக வைத்துப் பதுங்குவாள், சுடலை கீழிருந்து அடிப்பான் என்று பேச்சு.

முதல் பாய்ச்சலில் பொற்கொடி கூரையை வைத்ததும் சனியன் சட்டென்று ஒதுங்கித் திரும்பியது. அம்பு வீண். இரண்டாவது முறையும் அதே கதை. சுடலையின் கட்டைவிரல் வியர்வையில் வழுக்கியது. அவனிடம் இருந்தது இன்னும் ஒரே அம்பு.

"சூரியனுக்குப் பின்னால இருந்து வருது. இன்னும் கொஞ்சம் கெழக்க திரும்புல" என்றாள் இசக்கி. ஆவிக்கு எல்லாத் திசையும் தெரியும். "மதினி, கூரைய வைங்க. மதினி..."

பொற்கொடி கூரையை வைக்கவில்லை. சனியன் ஒதுங்காமல் நேராக இறங்கியது. மார்பு தெரிந்தது. சுடலை விட்ட அம்பு அதன் நடுவில் ஏறியது. செத்த உடம்பு வந்த வேகத்தில் மோதி, பொற்கொடியையும் உச்சியிலிருந்து தள்ளிக்கொண்டு விழுந்தது. அவளும் செத்தாள். உயிர்க்கல் சுடலையின் காலடியில் கிடந்தது.

"என்னக்கா இது" என்றான் சுடலை.

"கூரைக்குக் கைல கல்லு தீந்துபோச்சுல. என் தப்பு. நீ சொன்ன சொல்லக் காப்பாத்து, இசக்கி பேர எழுது."

"எழுதாத சுடல" என்றாள் இசக்கி. "எனக்காகத்தான மதினி செத்திருக்காவ. அவங்களுக்கே எழுது. நான் போய்க்கிடுதேன்."

சுடலைக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்தது. இசக்கிக்கு எழுதாவிட்டால் சத்தியம் போகும்; இன்றோடு இசக்கியும் போவாள். அக்காவுக்கு எழுதாவிட்டால், கல் தீர்ந்ததால் நேர்ந்த ஒரு சாவுக்கு, தெருவின் பாதியைக் கட்டியவளே அந்தத் தெருவை இழப்பாள். இரண்டும் அவனால் பொறுக்க முடியாதவை. நாற்பது நொடி போய்விட்டது. கல்லின் ஓரம் கரையத் தொடங்கியது.

சொல்லுங்கள். சுடலை யார் பெயரை எழுதுவது சரி?

விடை: இசக்கியின் பெயரைத்தான். செத்தவரின் பலகை அந்த உலகில் இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு முன் கழற்றிய பலகை அன்று காலை மலையடிக்கு எப்படி வந்தது? முன்னதாகப் போனவள் பொற்கொடி ஒருத்திதான். கூரையைக் கண்டு சனியன் ஒதுங்கினால் கூரையில்லாமல் நின்று சாவது என்று முன்பே முடிவு செய்துதான் ஏறியிருக்கிறாள். கல் தீர்ந்தது என்றது பொய். மூன்றாவது முறை வேண்டுமென்றேதான் கூரையை வைக்கவில்லை. தன்னிடம் இருந்ததை இசக்கி மட்டுமே திறக்கக்கூடிய பெட்டியில் வைத்துவிட்டு வந்தவளை எழுப்பினால், அவள் கொடுத்ததை அவள் முகத்திலேயே திருப்பி எறிந்ததாகும். சுடலைக்குப் பலகை நினைவுக்கு வந்தபோது ஏழு நொடி மிச்சம் இருந்தது, எழுதினான். இசக்கி எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு வில், அறுபது அம்பு, பொற்கொடி தானே முன்கூட்டிக் கழற்றி வைத்த 'பொற்கொடி' என்ற பலகை. அந்தப் பலகையை எடுத்துத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டாள். பிறகு இசக்கி சொன்னாள்: "அடுத்த ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வாரேன் மதினி. அடுத்த சனியன் எனக்கு, கல்லு ஒங்களுக்கு."