சுவரைத் தொடாத தரை

முப்பத்தைந்து வருடம் டைல்ஸ் பதித்த கொத்தனார் இருளப்பன், ஐம்பத்தொன்பது வயதில் ரோஸ்லினிடம் தொழில் கற்கப் போனார். ரோஸ்லினுக்கு முப்பத்து நான்கு வயது. சென்னை ஆஸ்பத்திரிகளில் வழுக்காத வினைல் தரை போட்டுவிட்டு விருதுநகருக்குத் திரும்பி வந்தவர். பேச்சு குறைவு. கேள்வி கேட்டால் பாதிக்கு மேல் கைதான் பதில் சொல்லும்.

ஊர்க் கொத்தனார்கள் சிரித்தார்கள். இருளப்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கவலை அவருக்கு.

முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று பெருமையடித்து, தன் வீட்டுக் கூடத்தில் அவரே பதித்த பளபள டைல்ஸ். அதில்தான் அவர் மனைவி வெள்ளத்தாய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து இப்போது சாத்தூரில் தங்கை வீட்டில் இருக்கிறார். போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வாரேன். தரையில நடந்து பார்ப்பேன். பயமா இருந்துச்சுன்னா வந்த கார்லயே திரும்பிருவேன். அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

சொன்னால் சொன்னதுதான், வெள்ளத்தாய் குணம் அப்படி. இருளப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

"நானே போட்டுத் தந்துருவேனே அண்ணாச்சி, ரெண்டு நாள் வேலை" என்றார் ரோஸ்லின்.

"நான் போட்ட தரைதான் தாயி அவளைச் சாய்ச்சுது. நானே போட்டாத்தான் மனசு ஆறும்."

ரோஸ்லின் தலையசைத்தார்.

முதல் நாள் இருளப்பன் டைல்ஸை உடைக்கச் சுத்தியலோடு நின்றார். ரோஸ்லின் அதை வாங்கி வாசலில் வைத்துவிட்டு, டைல்ஸ் இடுக்குகளைப் பட்டி பூசிச் சமப்படுத்தச் சொன்னார். அது காய்ந்ததும் அடிவிரிப்புச் சுருளை உருட்டிவிட்டார். மெத்தென்ற கறுப்பு விரிப்பு. மேல்புறம் பசை, பசையை மூடி ஒரு பிளாஸ்டிக் தாள்.

இருளப்பன் விரிப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"கீழ பசையே இல்லையே தாயி."

"இல்லை."

"தப்பான சரக்கு வந்துருச்சோ?"

"சரியாத்தான் வந்திருக்கு."

"தரையில ஒட்டாம எப்படி நிக்கும்?"

ரோஸ்லின் ஒரு வரிசை அகலத்துக்கு மட்டும் தாளை உரித்தார். வினைல் பலகைகளை அதன்மேல் வைத்து அழுத்தினார். பிறகு அடுத்த வரிசை. நான்கு வரிசை முடிந்ததும், "இப்ப இழுங்க" என்றார்.

இருளப்பன் குத்தவைத்து, மூச்சைப் பிடித்து இழுத்தார். இம்மியும் நகரவில்லை; நான்கு வரிசையும் விரிப்போடு ஒரே பாளமாகியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். அதுவரை 'நீ' என்று பேசியவர் அதற்குப் பிறகு 'நீங்க' என்றார்.

மறுநாள் வேலையை அவரிடமே விட்டார் ரோஸ்லின். சீக்கிரம் முடிக்கும் ஆசையில் இருளப்பன் பாதிக் கூடத்துக்குத் தாளை ஒரே இழுப்பில் உரித்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு பசையில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்ததில் கைலியும் ஒட்டிக்கொண்டது. நூல் நூலாகப் பிய்த்து எடுக்க அரை மணி நேரம் ஆனது. ரோஸ்லின் திரும்பி நின்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை கடைசிப் பலகையும் உட்கார்ந்தது. நான்கு சுவரோரமும் சுண்டுவிரல் அகலத்துக்குச் சந்து இருந்தது.

"இதை மட்டும் தொடாதீங்க அண்ணாச்சி. நாளைக்குச் சுவரடியில ஸ்கர்டிங் பட்டை வச்சு மறைச்சிருவோம்" என்று சொல்லிவிட்டு ரோஸ்லின் கிளம்பினார்.

இருளப்பன் சந்தைப் பார்த்தார். கொத்தனாருக்குச் சந்து என்பது மானப் பிரச்சினை. முப்பத்தைந்து வருடத்தில் ஒரு வீட்டிலும் அவர் சந்து விட்டு வந்ததில்லை. வெள்ளத்தாயின் கால்விரல் அதில் மாட்டினால் என்ன ஆகும் என்ற நினைப்பு வேறு வந்துவிட்டது. ஒயிட் சிமெண்ட்டைக் குழைத்தார். நான்கு பக்கமும் நிரப்பி, ஈரத்துணியால் வழித்து அழகு பார்த்தார். அப்புறம்தான் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ரோஸ்லின் வந்தபோது மேற்கு ஜன்னல் வெயில் கூடம் முழுக்க விழுந்திருந்தது. நடுவில் தரை உப்பிக்கொண்டு நின்றது. இருளப்பன் அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார். இங்கே மிதித்தால் அங்கே எழும்பியது. அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"நாளைக்கு அவ வர்றா தாயி. சிமெண்ட் பத்தலையோ? இன்னும் இறுக்கிப் பூசட்டுமா?"

ரோஸ்லின் சுவரோரம் பார்த்தார். பையிலிருந்து உளியை எடுத்து நீட்டினார்.

"எடுங்க."

இருளப்பன் முழங்காலிட்டு, தான் பூசியதைத் தானே சுரண்டினார். ஒரு சுவர் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. நான்காவது சுவரின் பாதியில் திரும்பிப் பார்த்தார். தரை படுத்துவிட்டது.

"வெயிலுக்கு விரியும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா பூசியிருக்க மாட்டீங்களா?"

இருளப்பன் யோசித்தார். "பூசியிருப்பேன்" என்றார்.

சந்து மறையும்படி ஸ்கர்டிங்கைச் சுவரில் மட்டும் ஒட்டிவிட்டு ரோஸ்லின் போனார்.

ஞாயிறு காலை தங்கையோடு வெள்ளத்தாய் வந்தார். கார் வாசலிலேயே நின்றது. வாக்கரைப் பிடித்தபடி வாசற்படியருகில் நின்று, ஒரு காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். வழுக்கவில்லை. முகம் லேசாகத் தெளிந்தது.

இருளப்பன் பாய்ந்து போய் ஒரு கையால் அவர் தோளையும் மறு கையால் இடுப்பையும் வளைத்துப் பிடித்தார்.

"பார்த்து, பார்த்து. விழுந்துராத."

வெள்ளத்தாய் காலைத் தூக்க முயன்றார். முடியவில்லை. மறுபடி முயன்றார். உடம்பு இருளப்பன் பக்கமே சாய்ந்தது.

"பயமா இருக்கு" என்றார் தங்கையிடம். "காரைப் போகச் சொல்லிராத."

இருளப்பன் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

தரை எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த ரோஸ்லின் வாசலில் நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, கையை எடுங்க."

"எடுத்தா விழுந்துருவா. மறுபடி ஒரு தடவை அவ விழுறதை என்னால பார்க்க முடியாது தாயி."

ரோஸ்லின் உள்ளே வந்து இருளப்பனின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். முழங்கையைப் பிடித்து அவரை அங்கேயே நிறுத்திவைத்தார்.

வெள்ளத்தாய் நிமிர்ந்து நின்றார். வாக்கரை முன்னால் வைத்தார். ஒரு கால் எழுந்தது. இருளப்பன் உதறினார், ரோஸ்லின் அவர் முழங்கையை விடவில்லை. அடுத்த கால் எழுந்தது. சமையலறைக் கதவுவரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டு வெள்ளத்தாய் திரும்பினார்.

"காரை அனுப்பிரு" என்றார் தங்கையிடம்.

இருளப்பன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். வெறுங்கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப நான் எங்கதான் தாயி நிக்கட்டும்?"

"விழுந்தா எட்டிப் பிடிக்கிற தூரத்துல" என்றார் ரோஸ்லின்.