தையக்காரர் வீட்டு மீன் தொட்டி

ஒரு ஊர்ல, கடலை ஒட்டின ஊர்ல, ஒரு தையக்காரர் இருந்தாராம். தொபியாஸ்னு பேரு. அவருக்கு ஒரே பொண்ணு, பிலோமி. ஏழு வயசு. அவங்கம்மா சௌந்தரம் காய்ச்சல்ல படுத்தா, ஒரே வாரத்துல போய்ட்டா. ம் சொல்லு கண்ணு.

"ம்."

போறதுக்கு முன்னால மகளுக்கு ஒரு கண்ணாடித் தொட்டியும் பத்து நியான் மீனும் வாங்கிக் குடுத்திருந்தா. இத்துனூண்டு மீனு. உடம்புல நீலக்கோடு, வால் பக்கம் செவப்பு. தொட்டிக்குள்ள என்ன வைக்கணும்னு ஒரு படமும் போட்டு வச்சிருந்தா. ஓரத்துல கல்லு, கல்லு மேல சாஞ்சாப்ல ஒரு கட்டை, மேல முழுக்கப் பச்சை.

அப்புறம் தொபியாஸ் என்ன பண்ணாரு, அந்தப் படத்துல இருக்குற மாதிரியே பண்ணிடணும்னு கடற்கரைக்குப் போய், வெள்ளை வெள்ளையாக் கல்லு பொறுக்கிட்டு வந்து, தொட்டிக்குள்ள தொபுக் தொபுக்னு போட்டாரு. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு வாரத்துல மூணு மீனு செத்து மெதந்துச்சு.

"ஏன் செத்துச்சு?"

அதையேதான் அவரும் மீன் கடை ஷகிலா அக்காகிட்டப் போய்க் கேட்டாரு. அந்தம்மா அவர் கொண்டு போன கல்லு மேல எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சா. புஸ்ஸ்ஸ்னு நுரைச்சுச்சு. "பாத்தீங்களாண்ணே, சுண்ணாம்புக் கல்லு. இந்த மீனுக்கு ஆகாது. ஆத்துக் கருங்கல்லா வைங்க"ன்னா.

அப்புறம் அவர் கருங்கல்லு வச்சாரு. கட்டைக்கு, வெட்டிப் போட்டிருந்த புளியமரத்து வேரு ஒண்ணைக் கொண்டாந்து அப்படியே எறக்கிட்டாரு. தண்ணி கொழகொழன்னு ஆயி, நாத்தம் வந்து, இன்னும் மூணு மீனு போச்சு. "பச்சைக் கட்டையவா போட்டீங்க? நல்லா காஞ்ச கட்டையா எடுத்து, கொதிக்க வச்சு, ரெண்டு வாரம் ஊறப் போட்டுல்ல வைக்கணும்"னா ஷகிலா அக்கா. அதையும் செஞ்சாரு. இப்ப நாலே மீனு. ம்?

"ம்..."

அப்பவும் தண்ணி சரியாகல. நாலும் மேல வந்து பக் பக்னு வாயத் தொறக்குது. மூணாவது தடவையா அப்பாவும் மகளும் கடைக்குப் போனாங்க. ஷகிலா அக்கா சொன்னா, "மீனோட கழிவு தண்ணியிலயே தங்குதுண்ணே. அதை உறிஞ்ச வேர் வேணும். மணி பிளான்ட் கொடி ரெண்ட வெட்டி, எலை வெளிய இருக்குற மாதிரி, கணு மட்டும் தண்ணிக்குள்ள விடுங்க. வேர் எறங்குற வரைக்கும் தெனம் கால்வாசித் தண்ணிய மாத்துங்க. வீட்ல மணி பிளான்ட் இருக்கா?"

தொபியாஸ் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "இல்ல"ன்னுட்டாரு.

பிலோமி அப்பாவையே பாத்தா. ஏன்னா வீட்ல இருந்துச்சு. சௌந்தரம் ஒரு பாட்டில்ல வச்சு வளத்த கொடி, சமையக்கட்டு ஜன்னலச் சுத்தி விட்டம் வரைக்கும் ஏறியிருந்துச்சு. அவ போனதுலேர்ந்து அதுல ஒரு எலையக்கூட யாரையும் தொட விட்டதில்ல அவரு.

மறுநாள் காலையில இன்னொரு மீனு செத்துக் கெடந்துச்சு. மூணுதான் மிச்சம்.

பிலோமி வந்து நின்னா. "நம்மகிட்ட இருக்குல்லப்பா. ஏன் இல்லன்னு சொன்ன?"

"அது அம்மா வச்ச செடிடா."

"மீனும் அம்மா வாங்குனதுதான?"

தொபியாஸ் ஜன்னல்கிட்டப் போய்க் கொடியத் தொட்டுப் பாத்தாரு. அப்புறம் மெஷின் மேல இருந்த கத்திரிய எடுத்தாரு. பிலோமி கொடியப் பிடிச்சுக்கிட்டா. நறுக். இன்னொண்ணு, நறுக்.

அப்புறம் தெனமும் ரெண்டு பேருமாச் சேந்து தண்ணி மாத்துனாங்க. அவர் சொம்புல மொண்டு குடுப்பாரு, அவ வாளியில ஊத்துவா. சளக், சளக். பத்து நாள் கழிச்சு, கணுவுலேர்ந்து வெள்ளை நூலாட்டம் வேர் எறங்குச்சு. தண்ணி தெளிஞ்சுச்சு. மூணு மீனும் மேல வர்றத விட்டுட்டு, வேருக்குள்ள பூந்து பூந்து வெளிய வந்துச்சுங்க. கேக்குறியா?

"...ம்."

அன்னிக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் தொட்டி முன்னால தரையில உக்காந்திருந்தாங்க. அப்போ பிலோமி மெதுவாக் கேட்டா, "அப்பா, அம்மா செத்துப் போய்ட்டாங்கல்ல?"

அந்த வீட்ல அதுவரைக்கும் யாரும் அந்த வார்த்தையச் சொன்னதில்ல.

"ஆமாடா தங்கம்"னாரு தொபியாஸ். "செத்துப் போய்ட்டா."

அவ அப்பா மடியில ஏறிக்கிட்டா. ரெண்டு பேரும் அழுதாங்க. தேம்பித் தேம்பி, இருட்டுற வரைக்கும் அழுதாங்க. அப்புறம் அவர் எந்திரிச்சுப் போய் லைட்டப் போட்டு, உலை வச்சாரு.

அவ்ளோதான் கண்ணு. கதை கண்ண மூடிருச்சு, நீயும் மூடிக்க.