தட்டாத கை

"மாஸ்டர், எனக்கு பயமா இருக்கு" என்றார் இருதயராஜ்.

ரெஹானா மாஸ்டர் பயிற்சிக்கூடத்தின் தரைவிரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"எதுக்கு?"

"சனிக்கிழமைக்கு."

சனிக்கிழமை சண்டை. குத்து, உதை, மல்யுத்தம், பூட்டு என்று எல்லாம் செல்லுபடியாகும் கூண்டுச் சண்டை. எதிரில் நிற்கப்போகிறவன் கோயம்புத்தூர் ரித்விக். இருதயராஜைவிடப் பதினாறு வயது சின்னவன். இவர் முதன்முதலில் கூண்டுக்குள் இறங்கியபோது அவன் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து 'அ' எழுதிக்கொண்டிருந்திருப்பான்.

இவர் காலத்து ஆட்கள் ஆளுக்கொரு வித்தையோடு வந்தார்கள். குத்துச்சண்டைக்காரன் குத்துவான், மல்யுத்தக்காரன் தூக்கிப் போடுவான். மற்றதைப் போகப்போகக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொள்ளாமலும் காலத்தை ஓட்டினார்கள். இப்போது வருகிற பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் படித்துவிட்டே வருகிறார்கள்.

அதிலும் ரித்விக்குக்குக் கைப்பூட்டு என்றால் கொள்ளை ஆசை. எதிராளியின் கையை நீட்டிப் பிடித்து, முழங்கையை மடங்காத பக்கமாக வளைப்பான். போன சண்டையில் ஒருவன் தோல்வியை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் தாமதித்தான். எலும்பு போன சத்தம் வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது.

அந்த வீடியோவை இருதயராஜ் சாப்பிடும்போதும் பார்க்கிறார். சோறு இறங்கவில்லை என்று வேறு புலம்புகிறார். எப்படி இறங்கும்?

பகலில் அவருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. வலது கை போனால் வேலையும் போச்சு. மனைவி ஸ்டெல்லா, தோற்றாலும் பரவாயில்லை, ரெண்டு கையோட வீட்டுக்கு வந்து சேர் என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் அழவில்லை. சண்டை போடவும் இல்லை. அதுதான் அவரை ரொம்பவும் கலக்கியது.

இதையெல்லாம் மாஸ்டரிடம் சொன்னார்.

மாஸ்டர் அவரைவிட இளையவர். வாணியம்பாடிக்காரர், ஜூடோவில் பேர் வாங்கியவர். தன்னைவிடச் சின்ன ஒரு பெண்ணை மாஸ்டர் என்று கூப்பிட இருதயராஜ் கூச்சப்பட்டதில்லை. அந்த விஷயத்தில் அவர் நல்ல மனுஷர்.

"நம்ம பசங்கள்ல யாராவது உங்களைக் கைப்பூட்டுல மடக்கியிருக்காங்களா?"

"ஒருத்தனும் இல்ல."

"பிடிச்சதே இல்லையா?"

"பிடிப்பானுங்க. கழண்டு வந்துடுவேன்."

"அப்புறம் என்ன பயம்?"

"அதான் மாஸ்டர், எனக்கும் புரியல."

மாஸ்டர் துணியைப் பிழிந்து ஜன்னலில் போட்டார்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாக் கூடத்திலும் உண்டு. பூட்டில் மாட்டியவன், தோற்றேன் என்பதற்கு அடையாளமாக எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டுவான். தட்டியதும் விட்டுவிட வேண்டும். மாட்டியவன் எழுந்து, எப்படி மாட்டினேன் என்று கேட்பான். பிடித்தவன் சொல்லிக்கொடுப்பான். மறுபடியும் கட்டிப் புரள்வார்கள். இதில் மானம் போகிற கதையே கிடையாது. ஒரே சாயங்காலத்தில் ஏழெட்டுத் தடவை தட்டிவிட்டு விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு.

இருதயராஜ் தட்டியதே இல்லை. சண்டையிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை. ஒரு டிவி பேட்டியில், 'இந்தக் கை தட்டுறதுக்கு இல்ல' என்று ஒரு வீறாப்பில் சொல்லிவைத்தார். பையன்கள் அதைப் பெரிய எழுத்தில் சுவரில் பெயின்ட் அடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் மனுஷர் எங்கே தட்டுவது?

மாஸ்டர் தீனாவைக் கூப்பிட்டார். ரித்விக் வயதுதான் தீனாவுக்கும். இருதயராஜ் மேல் உயிரையே வைத்திருப்பவன்.

"அண்ணன்கூட இறங்கு. கைப்பூட்டு கிடைச்சா போடு. நான் சொல்ற வரைக்கும் விடாதே."

தீனா மாஸ்டரைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது.

இருவரும் கட்டிப் புரண்டார்கள். இருதயராஜ் அவனைக் கீழே தள்ளி மேலே ஏறினார். எழுந்து குத்துவதற்காக உடம்பை நிமிர்த்தினார். அவ்வளவுதான், அவருடைய வலது கை தீனாவின் தொடைகளுக்கு நடுவில் இருந்தது. முதுகு தரையில் இருந்தது. முழங்கை நேராகிவிட்டது.

வழக்கமாக இந்த இடத்தில் கை கழன்றுவிடும்.

கழலவில்லை.

இழுத்துப் பார்த்தார். புரண்டு பார்த்தார். வலி தோள்வரைக்கும் ஏறியது. சுற்றிலும் மற்ற பையன்கள் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடது கை சும்மாதான் கிடந்தது. அதை அவர் அசைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டார். மாஸ்டர் வாய் திறக்கவில்லை.

முழங்கைக்குள் ஏதோ நெறுக்கென்றது.

தீனா விட்டுவிட்டான். மாஸ்டர் சொல்லாமலே விட்டுவிட்டு, சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

"என்னால முடியாது மாஸ்டர். வேற யாரையாவது வெச்சுப் பண்ணுங்க."

இருதயராஜ் கையை மெதுவாக மடக்கிப் பார்த்தார். மடங்கியது. வலித்தது, ஆனால் மடங்கியது. பெருமூச்சு விட்டார். அதற்குப் பிறகுதான் விஷயம் மண்டையில் ஏறியது.

தினமும் இப்படித்தான் விடுகிறாயா என்று தீனாவைக் கேட்டார். அவன் தலையாட்டினான். எல்லாருமா என்று கேட்டார். பையன்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. வயசாகிவிட்டது என்று இரக்கப்படுகிறீர்களா, பாவம், ஆசைக்கு ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று பிச்சை போடுகிறீர்களா என்று கத்தினார்.

தீனா நிமிர்ந்தான்.

"இரக்கம் இல்லண்ணா. நீங்க தட்ட மாட்டீங்க. நான் விடலைன்னா கை உடையும். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

இருதயராஜ் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட சொல்லவே இல்லியே."

"தட்டிப் பழகுங்கன்னு சொன்னேன். சுவத்தைக் காட்டிட்டுப் போயிட்டீங்க."

அவர் தரையில் உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை அவன் விட மாட்டான்."

"மாட்டான்."

"நானும் தட்ட மாட்டேன் மாஸ்டர். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். அதான் எனக்குத் தூக்கமே இல்ல."

மாஸ்டர் பயந்து அவர் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இத்தனை நாளும் தன் பயத்தையே சுற்றிவந்ததில் அது அவர் கண்ணில் படவே இல்லை.

இருதயராஜ் எழுந்து தீனாவிடம் போனார்.

"வாடா. இன்னொரு தடவை."

தீனா மாட்டேன் என்றான். அவர் கெஞ்சினார். கடைசியில் மாஸ்டர் கண்ணைக் காட்டியதால் வந்தான்.

மறுபடியும் புரண்டார்கள். மறுபடியும் அவர் மேலே ஏறினார், நிமிர்ந்தார், மாட்டினார். இந்தத் தடவை இடது கை. தீனா இழுத்தான். பாதியில் விடுவதா வேண்டாமா என்று அவன் பிடி தளர்ந்து இறுகியது அவருக்கே தெரிந்தது.

வலி ஏறியது. வலது கையைத் தரையிலிருந்து தூக்கினார். அது அந்தரத்திலேயே நின்றது. என்ன கண்றாவி இது, இவ்வளவு கனமா ஒரு கை என்று அவருக்குத் தோன்றியது.

பிறகு தீனாவின் காலில் இரண்டு தட்டுத் தட்டினார்.

தீனா சட்டென்று விட்டான். விட்டதும் அடுத்து என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. வேறு யாராவது தட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

இருதயராஜ் மல்லாந்து கிடந்தபடியே கேட்டார்.

"எப்படிடா மாட்டினேன்?"

தீனா எழுந்து உட்கார்ந்தான்.

"மேலேருந்து நிமிரும்போது என் நெஞ்சுல கையை ஊணுறீங்கண்ணா. முழங்கை நேரா நீண்டுடுது. நான் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பேன்."

"எப்பவும் ஊணுறேனா?"

"எப்பவும்."

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"சேர்ந்த அன்னைக்கே தெரியும்ணா."

இருதயராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

சுவரோரத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அண்ணா, நீங்க மாட்டுற இடம் நானும் ஒண்ணு சொல்லணும்."

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். சொன்னவனுக்குப் பின்னால் மற்றவர்களும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.