காலியாகக் கிடந்த உத்தியோகம்

எத்தனையோ தலைமுறைக்கு முன்னால், மலையடிவாரத்துக் குன்றை நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவன் எப்போது சிரிப்பான், எப்போது வாளை உருவுவான் என்று அவனைப் பெற்றவளுக்கே தெரியாது. அவனுடைய மந்திரி செவ்வந்தியப்பர் கெட்டிக்காரர்தான். ஆனாலும் சபைக்குக் கிளம்பும்போதெல்லாம் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் கோட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்த பிணந்தின்னிக் கழுகு ஒன்று ராஜாவை உற்றுப் பார்த்தது. ராஜாவுக்கு முதுகு சில்லிட்டது. மந்திரிப் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த அரண்மனை அதிகாரி கோதண்டர் பக்கத்தில்தான் நின்றார். பிணம் தின்கிற பறவை ராஜாவைப் பார்ப்பது ஆயுளுக்கு ஆகாது, ஒன்றுவிடாமல் கொல்ல வேண்டும் என்று ஓதினார். மந்திரி மறுத்துப் பேச வாயெடுத்தார். ராஜாவின் கை வாள்பிடிக்குப் போனது. மந்திரி வந்த வார்த்தையை விழுங்கிவிட்டார். ஒரே மாதத்தில் வில்லாளிகள் நாட்டுக் கழுகுகளைத் தீர்த்துக்கட்டினார்கள்.

குன்றை நாட்டில் மனிதரைவிட மாடுகள் அதிகம். செத்த மாட்டைப் பொட்டலில் கொண்டுபோய்ப் போட்டால், கழுகுகள் இறங்கி, இழுத்து வந்தவர்கள் வீடு திரும்புவதற்குள் எலும்பை மட்டும் விட்டுவைக்கும். இப்போது மாடுகள் கிடந்து அழுகின. வாடைக்கு நாய்கள் வந்தன. தின்றன, குட்டி போட்டன. இரண்டே வருஷத்தில் நூறு நாய் ஆயிரமாயிற்று. பொட்டல் போதாமல் தெருவுக்குள் நுழைந்தன. வயலுக்குப் போகிறவர்கள் பத்துப் பேராகச் சேர்ந்து போனார்கள். பட்டப்பகலில் கதவுகள் சாத்திக் கிடந்தன.

அதிலே சில நாய்களுக்கு வெறி பிடித்தது. அரண்மனைக்குப் பூக்கட்டும் பொன்னுருவியை ஒன்று கடித்தது. சில வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மந்திரி பார்க்கப் போனபோது அவள் செம்புத் தண்ணீரைக் கண்டு சுவரோடு ஒண்டி நடுங்கிக்கொண்டிருந்தாள். தாகம் என்றாள். குடிக்க முடியவில்லை. நான்காம் நாள் இறந்துபோனாள். கழுகுகளைக் கொல்லச் சொன்ன அன்றைக்கே தான் வாய் திறந்திருந்தால் இவள் பிழைத்திருப்பாளே என்று மந்திரிக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு நாய் அந்தப்புர முற்றத்துக்கே வந்துவிட்டது. ராஜா கொதித்துப்போனான். நாட்டைக் காப்பது மந்திரியின் பொறுப்பல்லவா என்று கோதண்டர் எடுத்துக்கொடுத்தார். மூன்று நாளில் காரணமும் பரிகாரமும் சொல்லாவிட்டால் மந்திரியின் தலை இருக்காது என்று ராஜா உத்தரவு போட்டான்.

மூன்றாம் நாள் காலையில் செவ்வந்தியப்பர் சபையில் நின்றார். வழக்கம்போலக் கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டார். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டார்.

"மகாராஜா, நம் நாட்டில் ஓர் உத்தியோகம் இரண்டு வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது. அதில் இருந்தவர்களை நீக்கிவிட்டோம். அதனால் வந்த வினை இது."

கோதண்டர் முந்திக்கொண்டார். "எந்த உத்தியோகமானாலும் எனக்குக் கொடுங்கள் மகாராஜா. முன்னே இருந்தவர்களைவிட நன்றாகப் பார்ப்பேன்."

"கொடுத்தேன்" என்றான் ராஜா.

"அப்படியானால் வேலை நடக்கும் இடத்துக்குப் போவோம்" என்றார் மந்திரி.

காவலர் சூழ எல்லோரும் பொட்டலுக்குப் போனார்கள். அங்கே முந்தின நாள் செத்த காளை ஒன்று வயிறு உப்பிக் கிடந்தது.

மந்திரி கோதண்டரை வணங்கினார். "உமக்குக் கிடைத்திருப்பது கழுகு உத்தியோகம். இந்தக் காளையை ஒரு நாழிகைக்குள் எலும்பு மட்டும் மிஞ்சும்படி முடிக்க வேண்டும். நாளைக்கு ஏழு மாடு வரும்."

கோதண்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு ராஜாவைப் பார்த்தார். ராஜா சிரிக்கவில்லை. ஆரம்பியும் என்பதுபோலத் தலையசைத்தான். கோதண்டர் இரண்டடி வைத்தார். அதற்குள் புதர்களிலிருந்து நாய்கள் எழுந்தன. நாலு பக்கமும் உதடு தூக்கி, பல்லைக் காட்டி நெருங்கின. ஒன்றின் வாயில் நுரை ஒழுகியது. கோதண்டர் அலறிக்கொண்டு பாறைமேல் ஏறினார். ராஜாவின் குதிரை பின்வாங்கியது. அவன் வாளை மறந்து இரண்டு கையாலும் கடிவாளத்தைப் பற்றிக்கொள்வதை மந்திரி முதல்முறையாகப் பார்த்தார். காவலர்கள் தீப்பந்தம் வீசித்தான் நாய்களை விலக்க முடிந்தது.

"இந்த நாய்களையும் கொன்றுவிட்டால்?" என்று ராஜா மெல்லக் கேட்டான்.

"கொல்லலாம் மகாராஜா. ஆனால் இலையில் சோறு விரித்தே கிடக்கிறதே. ஒருவரை விரட்டினால் அடுத்தவர் வந்து உட்காருவார். நாய் போனால் நரி, நரி போனால் எலி. கழுகு தின்றால் நோய் அதன் வயிற்றோடு தீரும். மற்றவை தின்றால் நம் வாசலுக்கு வரும்."

"கழுகுகள் திரும்ப எத்தனை நாளாகும்?"

"மலை உச்சியில் பதினோரு கழுகுகள் தப்பியிருக்கின்றன. ஏறிப்போய் எண்ணி வந்தேன். ஒரு ஜோடி வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடும்."

ராஜா மலை உச்சியை நிமிர்ந்து பார்த்தான். "அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் உத்தியோகம் கோதண்டருடையது. ஆழக் குழி வெட்டி ஒவ்வொரு மாட்டையும் அவர் புதைக்கட்டும்."

பாறைமேல் இருந்தவரிடம் ராஜா அங்கேயே மண்வெட்டியைக் கொடுக்கச் சொன்னான். கழுகுமேல் அம்பு விடுபவன் கை போகும் என்று பறையறைந்தார்கள். ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான்.

செவ்வந்தியப்பர் மாலையோடு வீட்டுக்கு நடந்தார். மார்பில் முத்து மின்னியது. ஆனாலும் ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று, தடியை இறுகப் பிடித்து, எட்டிப் பார்த்துத்தான் திரும்பினார்.