பூசணிப்பூ பஜ்ஜி

மலைமேல் ஒரு மடம். வெயில் சுடாது, குளிர் கொல்லாது, குச்சியை ஊன்றினாலும் துளிர்க்கும் ஊர். அங்கே போய் பொன்னம்பலத்தின் பூசணி மட்டும் காய்க்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணியது.

பொன்னம்பலம் பஸ் டெப்போ மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனைப் பறிகொடுத்த துக்கத்தில் மடத்துக்கு வந்து சேர்ந்தார். மடத்தை நடத்தும் மங்களநாயகி அம்மா அவரைவிட வயதில் சிறியவர்தான். ஆனாலும் குரு குருதானே! துக்கம் கொஞ்சம் ஆறியதும் பொன்னம்பலம் தோட்டத்தையும் அடுப்படியையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். வேலை செய்யாத எதையும் அவர் கண்ணில் காட்டக்கூடாது.

மடத்திலேயே தங்கியிருந்த மாசிலாமணி வேலை செய்யாதவர். சாப்பிடுவார், தூங்குவார். யாராவது அழுதுகொண்டு மடத்துக்கு வந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். அவர்கள் எழுந்திருக்கும்வரை இவரும் எழுந்திருக்க மாட்டார். இதெல்லாம் ஒரு வேலையா?

அன்று விடிந்ததும் பொன்னம்பலம் அவர் கையில் துணிமூட்டையைக் கொடுத்து முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். "அம்மா சொல்லிட்டாங்க" என்று ஒரு பொய் வேறு. போக்கிடம் இல்லாத மனுஷர், எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கே போகிறேன் என்றும் சொல்லவில்லை.

இனி அம்மாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். பூசணியில் ஆரம்பிக்கலாம் என்று போனார்.

"அம்மா, பூசணியிலே பிஞ்சு விடுது, வெம்பி உதிர்ந்துடுது. என்ன பாவம் பண்ணினேனோ!"

அம்மா வந்து கொடிக்குப் பக்கத்தில் குந்தினார். அடியில் பிஞ்சோடு ஒரு பூ அப்போதுதான் விரிந்திருந்தது. இலைகளையெல்லாம் விலக்கித் துழாவினார்.

"பிஞ்சில்லாத பூ ஒண்ணுகூடக் காணோமே, ஐயா?"

பொன்னம்பலத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"அதுங்க காய்க்காதும்மா. தண்டச்சோறு. கொடியோட சத்தை உறிஞ்சுதுங்க. தினம் காலையிலே கிள்ளிடுவேன்."

"கிள்ளி?"

"பஜ்ஜி போட்டேனே! நீங்ககூட நல்லாயிருக்குன்னீங்க."

அம்மா எழுந்தார். வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தார். பிஞ்சில்லாத பூ ஒன்றோடு திரும்பி வந்து, அதன் இதழ்களைப் பரபரவென்று பிய்த்துப் போட்டார்.

"ஐயையோ, என்னம்மா இது!"

நடுவில் ஒரு மஞ்சள் குச்சி மட்டும் நின்றது. அதைப் பிஞ்சுப் பூவுக்குள் விட்டு மெதுவாகத் தடவினார். விரலில் ஒட்டிய மஞ்சள் பொடியை நீட்டிக் காட்டினார்.

"இது பட்டாத்தான் பிஞ்சு நிக்கும். நீங்க கிள்ளினதெல்லாம் அப்பன் பூ."

பொன்னம்பலம் உதிர்ந்து கிடந்த பிஞ்சுகளைப் பார்த்தார். ஒரு காலையா, இரண்டு காலையா! கிள்ளி, மாவில் முக்கி, எண்ணெயில் போட்டு, உப்பு சரியாயிருக்கா என்று வேறு கேட்டிருக்கிறார்.

"எனக்குத் தெரியலையேம்மா…"

"எந்தப் பூன்னு கேக்காம நானும்தான் தின்னேன். விடுங்க." அம்மா கையைத் தட்டிக்கொண்டார். "மேகமூட்டம் போட்டா தேனீ வராது. தினம் காலையிலே யாராவது இதைச் செய்யணும். அவசரப்படாத கை வேணும். மாசிலாமணியைக் கூப்பிடுங்க."

பொன்னம்பலம் நகரவில்லை.

"ஐயா?"

"அவரு இல்லைம்மா."

"எங்கே?"

"முதல் பஸ்ஸிலே… நான்தான்… சும்மாவே உட்கார்ந்திருக்காரேன்னு…" கொடியைப் பார்த்தபடியே சொன்னார். "உங்க பேரைச் சொல்லித்தான் அனுப்பினேன்."

அம்மாவின் முகம் வெளுத்துப் போனது. அவரை அப்படிப் பொன்னம்பலம் பார்த்ததே இல்லை. எதற்கும் அசையாதவர், வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மகனைப் பறிகொடுத்துட்டு இங்கே வந்தீங்களே. அன்னிக்கு உங்க பக்கத்திலே உட்கார்ந்திருந்தது யாரு?"

பொன்னம்பலம் பஸ் போன பாதையைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் மடத்து மணி அடித்தது. யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள். அழுகைச் சத்தம் தோட்டம்வரை கேட்டது.

"நான்… நான் போய் உட்காரட்டுமா அம்மா?"

அம்மா தான் பிய்த்துப் போட்ட இதழ்களைப் பார்த்தார்.

"போங்க. பூவையாவது பக்கத்து வீட்டிலே கேட்டு வாங்கிட்டேன். அந்த மனுஷரை நான் எந்த வீட்டிலே போய்க் கேட்பேன்?"