நாற்பத்தோராம் நாள்

குளத்தங்கரை மடத்தில் அப்போது இரண்டே பேர் இருந்தார்கள். ஒருவர் தம்பிரான். வயது அறுபத்தெட்டு. மற்றவர் கச்சபேசன். பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். மனைவி இறந்தபின் வேலையை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர். ஐம்பது வயதில் வந்து சேர்ந்த சீடர் என்பதால் தம்பிரான் அவரை 'நீர்' என்றே பேசுவார்.

கச்சபேசனுக்குச் சொற்களின் மேல் பைத்தியம். ஒரு சொல் கிடைத்தால் அதன் வேர் என்ன, பொருள் எப்படி மாறியது என்றெல்லாம் நோட்டில் எழுதிவைப்பார். மாசி மாதத்தில் ஒருநாள் காலை, பூசை முடிந்ததும் நோட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, ஒரு சொல் இடிக்கிறது."

"என்ன சொல்?"

"கூடாது."

"அதில் என்ன இடிக்கிறது?"

"கூடு என்பது வேர். கூடுதல் என்றால் சேர்தல். கூடும் என்றால் முடியும். அப்படியானால் கூடாது என்றால் முடியாது என்றுதானே இருக்க வேண்டும்? வெறுமனே 'நடக்காது' என்று சொல்லிக்கொண்டிருந்த சொல், 'செய்யாதே' என்று எப்போது சொல்ல ஆரம்பித்தது? அது மட்டும் பிடிபடவில்லை."

தம்பிரான் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வாரும்" என்று வெளியே நடந்தார்.

குளத்தின் மேற்குப் படித்துறையில் ஊர்ப் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். கரைமேல் ஒரு பெண் இடுப்பில் வெறுங்குடத்தோடு வந்தாள். கீழத்தெருக் காத்தாயி. தம்பிரானைக் கண்டதும் கரையை விட்டு இறங்கி ஒதுங்கி நின்றாள்.

"தண்ணீருக்கா அம்மா?" என்றார் தம்பிரான்.

"ஆமாங்க சாமி. கல்லுக்குழிக்கு."

கல்லுக்குழி என்பது குன்றடியில் பாறை உடைத்த பள்ளம். மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். போக ஒரு மைல், வர ஒரு மைல்.

"குளம் இங்கேயே இருக்கிறதே?"

காத்தாயி அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"குளத்துல எங்களுக்குக் கூடாதுங்களே சாமி."

"யார் சொன்னது?"

"சாமிதான் சொன்னீங்க."

கச்சபேசன் திரும்பித் தம்பிரானைப் பார்த்தார்.

"எனக்கு அப்பப் பத்து வயசு. எங்க வாசல்ல நின்னுதான் சொன்னீங்க. நல்லா ஞாபகம் இருக்கு."

"வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?"

"போன புரட்டாசியில கல்லுக்குழியில என் மருமக வழுக்கி விழுந்துட்டா. தூக்கறப்பவே உசுரு இல்ல. வயித்துல ஏழு மாசம்."

அழாமல்தான் சொன்னாள். கூட வருகிறவர்களுக்காகக் கொஞ்ச தூரம் தள்ளிப் புளியமரத்தடியில் போய் நின்றாள்.

கச்சபேசன் கேட்டார்: "நீங்களா சொன்னீர்கள் ஐயா?"

"நான்தான். முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அந்த வருடம் இங்கே காலரா வந்தது. முதலில் கீழத்தெருவில்தான் வந்தது. ஒரே வாரத்தில் ஒன்பது பேர். நோயாளிகளின் பாயையும் துணியையும் இந்தப் படித்துறையில்தான் அலசினார்கள். விட்டால் ஊர் முழுக்கப் போய்விடும். நான் அந்தத் தெருவில் வீடு வீடாகப் போனேன். நாற்பது நாள் யாரும் குளத்தில் இறங்கக் கூடாது என்றேன்."

"அவர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?"

"மடத்துக் கிணற்றில் இறைத்து, காய்ச்சி, நானே சுமந்துபோய் ஊற்றினேன். அப்போது கிணறு நன்றாக இருந்தது. பிறகுதான் உப்பாகிப் போனது. நோயும் நின்றது. நாற்பது நாளும் முடிந்தது."

"அப்புறம்?"

"நாற்பத்தோராம் நாள் காலையில் கீழத்தெருவே குடத்தோடு இங்கே வந்தது. மணியக்காரர் படியில் நின்றுகொண்டு, சாமி கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றாராம். திரும்பிப் போய்விட்டார்கள்."

"நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"பூசையில்."

"உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?"

"அன்றைக்கு மத்தியானமே மூன்று பேர் வந்து மடத்து வாசலில் நின்றார்கள். மணியக்காரரிடம் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்."

"பேசினீர்களா?"

"மடத்துக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். மரமெல்லாம் மணியக்காரர் கொடுத்தது. வேலை முடியட்டும் என்று இருந்தேன். வேலை முடிந்ததும் கும்பாபிஷேகம் வந்தது. அதுவும் ஆகட்டும் என்று இருந்தேன். மூன்றாம் வருடம் போய்ப் பேசினேன்."

"என்ன சொன்னார்?"

"எழுந்து நின்று கும்பிட்டார். 'அன்றைக்குச் சாமி சொன்னது தெய்வ வாக்கு. இன்றைக்குச் சொல்வது சாமியின் இரக்கம். இரக்கத்துக்காக வாக்கை மீறலாமா?' என்று கேட்டார்."

தம்பிரான் கச்சபேசன் கையிலிருந்த நோட்டைக் காட்டினார்.

"எப்போது என்று கேட்டீரே, எழுதிக்கொள்ளும். நாற்பத்தோராம் நாள்."

கச்சபேசன் நோட்டைத் திறக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. "இப்போது என்ன கெட்டுப்போயிற்று? அந்த அம்மாளைக் கூப்பிடுங்கள். இங்கேயே இறங்கச் சொல்லுங்கள். யார் தடுக்கிறார்கள் பார்ப்போம்."

"நீரே கூப்பிடும்."

கச்சபேசன் புளியமரத்தடிக்குப் போய் அழைத்துவந்தார். காத்தாயி தயங்கித் தயங்கி வந்தாள். தம்பிரான் அவள் கையிலிருந்த குடத்தை வாங்கினார். படியிறங்கி, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று குடத்தை முக்கினார். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணிகளை வாரிக்கொண்டு மேலே ஏறினார்கள். ஒருத்தி ஊருக்குள் ஓடினாள்.

தம்பிரான் நிறைகுடத்தைக் காத்தாயியின் காலடியில் கொண்டுவந்து வைத்தார்.

"நான் அன்றைக்குச் சொன்னது நாற்பது நாளைக்குத்தான் அம்மா. இறங்கு. குளம் உங்களுக்கும்தான்."

காத்தாயி நகரவில்லை.

"இறங்குங்கள் அம்மா. சாமியே சொல்கிறாரே, என்ன பயம்?" என்றார் கச்சபேசன்.

"நீங்க சொல்லிட்டு மடத்துக்குப் போயிருவீங்க வாத்தியாரே. தெருவுல இருக்கப்போறது நாங்க."

அதற்குள் கரையில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பழைய மணியக்காரரின் மகன் சபாரத்தினம் வேகமாக வந்தார். தம்பிரானைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அவரிடம் ஒன்றும் பேசவில்லை. கச்சபேசனிடம்தான் தணிந்த குரலில் சொன்னார்.

"சாமிக்கு வயசாகிவிட்டது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல. கூட்டிக்கொண்டு போங்கள்."

பிறகு காத்தாயியைப் பார்த்தார். பார்த்தது மட்டும்தான்.

காத்தாயி குனிந்தாள். குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் முழுவதும் மண்ணில் ஓடியது. கடைசிச் சொட்டு விழும்வரை கவிழ்த்துப் பிடித்திருந்தாள். பிறகு வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லுக்குழிப் பக்கம் நடந்தாள். புளியமரத்தடியில் நின்றிருந்த மற்றப் பெண்களும் அவள் பின்னால் போனார்கள்.

மறுநாள் காலையில் தம்பிரான் மடத்துச் செம்புக்குடத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கச்சபேசன் குடத்தைக் கேட்டார். கொடுக்கவில்லை. கீழத்தெருப் பெண்களுக்குப் பின்னால், பத்தடி விட்டு, ஒரு மைல் நடந்தார். கல்லுக்குழியில் எல்லோரும் எடுத்து முடிக்கும்வரை வெயிலில் நின்றார். கடைசியில் அவர் இறங்கியபோது காத்தாயி மேலேயிருந்து சொன்னாள்:

"சாமி, பாத்து. அந்தக் கல்லு வழுக்கும்."

தம்பிரான் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அதற்குப்பிறகு அவர் குளத்துத் தண்ணீரைத் தொடவில்லை. குடிக்கவும் குளிக்கவும் பூசைக்கும் கல்லுக்குழித் தண்ணீர்தான். தினமும் போனார். பங்குனி வெயிலிலும் போனார். ஒருமுறை வழியில் மயங்கி விழுந்தார். கீழத்தெருப் பெண்கள்தான் தூக்கி நிழலில் கிடத்தி, தங்கள் குடத்திலிருந்து வாயில் ஊற்றினார்கள்.

சித்திரை பிறந்ததும் மடத்துக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். தம்பிரான் குடத்தோடு போகும் வழியில் கோலம் போட்டார்கள். அவர் காலடி மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார்கள். சபாரத்தினம் பந்தல் போட்டு நீர்மோர் கொடுத்தார். குளத்தைப் பற்றி யாராவது கேட்டால் அவர் வைத்திருந்த பதில் இது: "சாமியே அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை. அப்புறம் இவர்களுக்கு என்ன?"

ஒருநாள் மாலை கூட்டமெல்லாம் போனபின் தம்பிரான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோளில் குடம் அழுத்தி அழுத்திப் புண்ணாகியிருந்தது. கச்சபேசன் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வெகுநேரம் அடக்கிவைத்திருந்ததைக் கடைசியில் சொன்னார்.

"ஐயா, நீங்கள் செய்வதை ஊரெல்லாம் தவம் என்று சொல்கிறார்கள்."

தம்பிரான் கண்ணைத் திறக்கவில்லை.

"தாமதம்" என்றார்.